ஆண்டு எண் இடிக்கிறதா? கி.பி. 300–700 கால ஆவணத் தேதிகளைச் சரிபார்க்கும் வழி

கி.பி. 541, நவம்பர் 1. இந்த ஒரு நாளை அன்றைய எழுத்தர்கள் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம். எடெஸ்ஸாவில் சிரியாக் மொழியில் எழுதுகிறவருக்கு அது கிரேக்கர் ஆண்டு 853. அந்தியோக்கியாவில் ஊர்க் கணக்குப்படி 590. தென் சிரியாவின் போஸ்ட்ராவில் 436. காசாவில் 602. அங்கே புது வருஷம் பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருக்கும், அதனால் அக்டோபர் 27 அன்று எழுதிய பத்திரத்தில் 601 என்றே இருக்கும். எகிப்தில் டயோக்ளீசியன் கணக்கில் 258. ஸ்பெயினில் 579. கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் எழுதும் முறையே வேறு: பேரரசர் ஜஸ்டினியன் ஆட்சியின் 15ஆம் ஆண்டு, பசிலியுஸ் கான்சலாக (ஆண்டுதோறும் மாறும் உயர் பதவி) இருக்கும் ஆண்டு, 15 ஆண்டு வரிச் சுற்றில் இண்டிக்‌ஷன் 5.

அந்த ஆண்டில்தான் எகிப்தின் பெலூசியம் துறைமுகத்தில் பெரும் கொள்ளைநோய் தலைகாட்டியது. அது எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று தொடர்ந்து பார்க்க வேண்டுமானால், இந்த எண்களையெல்லாம் ஒரே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். ஓர் ஆண்டு பிசகினால் போதும், நோய் வந்து சேரும் முன்பே ஊரில் சாவு விழுந்ததாக ஆகிவிடும்.

இந்தக் காலத்துக் கல்வெட்டுகளையும் வரலாற்றுக் குறிப்புகளையும் தமிழில் காலவரிசைப்படுத்தும் வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிறேன். என் அட்டவணையில் வந்த பிழைகள் பெரும்பாலும் பத்து வகைக்குள் அடங்கிவிட்டன. எவ்வளவு ஆண்டு இடிக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். அதனால் இதை அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம்.

போவதற்கு முன்னால், எந்தத் தேதியைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள்? அந்த ஊரில் வருஷம் என்றைக்குப் பிறக்கிறது? தேதியில் ஆண்டு எண்ணைத் தவிர மாதமோ கிழமையோ வேறு எதாவது இருக்கிறதா? மூன்றில் இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நமக்கு இது புதிதும் இல்லை. ‘விரோதி வருஷம், ஆவணி’ என்றால் 2009. ‘விரோதி வருஷம், தை’ என்றால் 2010. வருஷம் சித்திரையில் பிறப்பதால் இப்படி. கீழே வரும் சிக்கல்களில் பாதி இதே கதைதான்.

அறிகுறி: ஓர் ஆண்டு முன்பின்னாக வருகிறது

இதுதான் அதிகம் வருவது. அஸ்வானுக்கு அருகே நைல் நதியில் இருந்த ஃபிலே தீவின் கோயிலில், ஹேட்ரியன் வாயில் என்று சொல்லப்படும் சுவரில் மண்டுலிஸ் என்ற தெய்வத்தின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் சில வரி ஹைரோகிளிஃப், அதாவது பழைய எகிப்தியப் பட எழுத்து. அதைப் பொறித்தவர் எஸ்மெத்-அகோம் என்ற பூசாரி. நமக்குத் தெரிந்தவரை, அந்த எழுத்தில் தேதியோடு கிடைத்த கடைசிப் பொறிப்பு இது. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் வழங்கிய எழுத்து இவர் கையோடு நின்றுபோகிறது. கூடவே டெமோட்டிக் எழுத்தில் (எகிப்தியரின் அன்றாட வேக எழுத்து) அவர் தேதியும் போட்டிருக்கிறார்: ஒசிரிஸ் பிறந்த நாள், ஆண்டு 110.

எந்த 110? டயோக்ளீசியன் கணக்கு. இந்தக் கணக்கு கி.பி. 284 ஆகஸ்ட் 29இல் தொடங்குகிறது. சரி, 110உடன் 283 கூட்டினால் 393 என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. எகிப்திய ஆண்டு தோத் மாதம் முதல் நாளில், அதாவது ஆகஸ்ட் 29இல் பிறக்கிறது. ஆக 110ஆம் ஆண்டு என்பது 393 ஆகஸ்ட் 29 முதல் 394 ஆகஸ்ட் 28 வரை. ஒசிரிஸ் பிறந்த நாள் எங்கே வருகிறது? முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் முடிந்தபின் ஆண்டுக் கடைசியில் ஐந்து நாள் மிச்சம் இருக்கும். அதில் முதல் நாள் ஒசிரிசுக்கு உரியது, அது ஆகஸ்ட் 24. ஆகவே சரியான தேதி 394 ஆகஸ்ட் 24. இன்னும் ஐந்து நாள் கழித்துப் பொறித்திருந்தால் அவரே 111 என்று எழுதியிருப்பார்.

அதே கோயிலில் டெமோட்டிக் எழுத்தின் கடைசித் தேதியும் இருக்கிறது: ஆண்டு 169, டிசம்பர் மாதம். இங்கே 283ஐக் கூட்ட வேண்டும், 452 வரும். ஒரே கோயில், ஒரே சகாப்தம், ஆனால் ஒன்றுக்கு 284, இன்னொன்றுக்கு 283. இதுவே விதி: ஆகஸ்ட் 29 முதல் டிசம்பர் 31 வரை 283, ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 28 வரை 284. ஜூலியன் நாட்காட்டியின் (அன்றைய ரோமானிய நாட்காட்டி) நெட்டாண்டுக்கு முந்தின ஆண்டில் மட்டும் தோத் 1 ஒரு நாள் தள்ளி ஆகஸ்ட் 30இல் வரும். ஆகஸ்ட் கடைசி வாரத்துத் தேதி கையில் இருந்தால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயோக்ளீசியன் பேரரசர் ஆனது 284 நவம்பர் 20இல். அப்படியிருக்க ஆகஸ்டிலிருந்து எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்கலாம். எகிப்தில் அரசர் எந்த நாளில் பட்டம் ஏற்றாலும், அதற்கு முந்தைய தோத் 1இலிருந்தே அவருடைய முதல் ஆண்டைக் கணக்கிடுவார்கள். அவர் 305இல் பதவி துறந்த பிறகும் எண் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவர் பெயரில் ஏன் எண்ண வேண்டும் என்று பிற்காலத்தில் இதையே ‘தியாகிகள் சகாப்தம்’ என்று மாற்றிச் சொன்னார்கள். காப்டிக் திருச்சபை இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறது.

மாதம் எழுதப்படாமல் ‘ஆண்டு 110’ என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது? 393/394 என்று சாய்கோடு போட்டு எழுதுங்கள். ஒரே எண்ணாக எழுதினால்தான் அழகாக இருக்கிறது என்று இந்தச் சாய்கோட்டை எடுத்துவிடுகிறவர்களால்தான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன. அதை எடுக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

அறிகுறி: குளிர்கால மாதங்களில் மட்டும் ஓர் ஆண்டு இடிக்கிறது

கோடைத் தேதிகள் எல்லாம் சரியாக விழுகின்றன, அக்டோபர் முதல் மார்ச் வரை வரும் தேதிகள் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், செலூசிட் சகாப்தத்தின் இரண்டு வடிவங்களைக் கலந்துவிட்டீர்கள். அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான செலூகஸ் பாபிலோனுக்குத் திரும்பியதிலிருந்து எண்ணும் கணக்கு இது. மாசிடோனிய முறையில் கி.மு. 312 இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. பாபிலோனியர்கள் தங்கள் புத்தாண்டான நிசான் மாதம் வரும்வரை காத்திருந்து, கி.மு. 311 வசந்தத்தில் தொடங்கினார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரண்டிலும் எண் ஒன்றுதான். அக்டோபரில் மாசிடோனியக் கணக்கு ஒன்று கூடிவிடும், பாபிலோனியக் கணக்கு அடுத்த வசந்தம் வரை பழைய எண்ணிலேயே நிற்கும்.

சிரியாக் நூல்களில் ‘கிரேக்கர் ஆண்டு’ என்று வருவது முதல் வகை, அக்டோபர் 1இல் பிறப்பது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 312 கழியுங்கள், ஜனவரி முதல் செப்டம்பர் வரை 311. தேதியோடு கிடைத்த சிரியாக் கையெழுத்துப் பிரதிகளில் மிகப் பழையது எடெஸ்ஸாவில் எழுதப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் 723, இரண்டாம் திஷ்ரி மாதம் என்று இருக்கிறது. இரண்டாம் திஷ்ரி என்றால் நவம்பர், ஆகவே 411. அதே ஊரில் தைசான் ஆறு கரையுடைத்து அரசர் அப்கரின் அரண்மனைக்குள் புகுந்த வெள்ளத்தை எடெஸ்ஸாவின் வரலாற்றுக் குறிப்பு 513, இரண்டாம் திஷ்ரி என்கிறது. அதையும் இப்படியே கழித்தால் 201 நவம்பர்.

இரண்டாவது, அதாவது பாபிலோனிய வகைக்கு ஓர் உதாரணம்: மதநிறுவனர் மானி பிறந்தது பாபிலோன் வானியலாளர்களின் கணக்கில் 527 என்று பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி குறித்திருக்கிறார். ‘பாபிலோன் வானியலாளர்’ என்ற அந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டால், 527 என்பது 215 அக்டோபரில் தொடங்குவதாக நினைத்துவிடுவீர்கள். உண்மையில் அது 216 வசந்தத்தில் தொடங்கி 217 வசந்தத்தில் முடிகிறது.

அறிகுறி: 15 ஆண்டு அல்லது 30 ஆண்டு இடிக்கிறது

சரியாக 15இன் மடங்காக இடித்தால் சந்தேகமே வேண்டாம், இண்டிக்‌ஷன்தான். வரி விதிப்புக்காக ஏற்பட்ட 15 ஆண்டுச் சுற்று இது. 312 செப்டம்பரில் தொடங்கியதாக வைத்து எண்ணுவது வழக்கம். 1 முதல் 15 வரை போய் மறுபடி 1. எத்தனையாவது சுற்று என்று யாரும் எழுதமாட்டார்கள். பிரபவ முதல் அட்சய வரை போகும் நம்முடைய அறுபது வருஷச் சுற்றில் இருக்கும் அதே சிக்கல். தாத்தாவின் ஜாதகத்தில் ‘விரோதி’ என்றிருந்தால் 1949 என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. அறுபது வருஷம் என்றால் ஊகித்தாவது சொல்லிவிடலாம். பதினைந்து என்றால் ஒரே ஆளின் வாழ்நாளில் நான்கு ‘இண்டிக்‌ஷன் 1’ வந்துவிடும்.

கி.பி. ஆண்டுடன் 3 கூட்டி 15ஆல் வகுத்தால் வரும் மீதிதான் இண்டிக்‌ஷன் எண். மீதி வராவிட்டால் 15. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை உள்ள தேதி என்றால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். எகிப்து ஆவணம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: தெற்கே தீபெய்டு பகுதியில் செப்டம்பர் வரை காத்திருக்கவில்லை, மே மாதத் தொடக்கத்திலேயே புது இண்டிக்‌ஷன் பிறந்துவிடும்.

இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் துண்டு. எகிப்தின் ஹெராக்ளியோபொலிஸில் அரபுப் படைத் தளபதி அப்துல்லாஹ், ஊர் அதிகாரிகளுக்குக் கொடுத்த ரசீது அது. படைக்காக 65 ஆடு பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறது. மேலே கிரேக்கம், கீழே அரபு. கிரேக்கப் பகுதியின் தேதி ஃபார்முத்தி 30, இண்டிக்‌ஷன் 1. ஃபார்முத்தி 30 என்றால் ஏப்ரல் 25, அதில் ஐயமில்லை. ஆண்டு? இண்டிக்‌ஷன் 1 என்பது 628 ஏப்ரலாகவும் இருக்கலாம், 643ஆகவும் இருக்கலாம், 658ஆகவும் இருக்கலாம். 628இல் அரபுப் படை எகிப்துக்குள் வரவே இல்லை, அதனால் அது போய்விடுகிறது. மீதி இரண்டில் எது? அரபுப் பகுதி சொல்கிறது: ஜுமாதல் ஊலா மாதம், ஆண்டு 22. ஹிஜ்ரி 22இன் ஜுமாதல் ஊலா 643 மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. ஆக, 643 ஏப்ரல் 25. கிரேக்கம் நாளைக் கொடுத்தது, அரபு ஆண்டைக் கொடுத்தது. ஒன்று இல்லாமல் இன்னொன்று முழுமை பெற்றிருக்காது.

இண்டிக்‌ஷன் தனியாக வந்தால் துணைக்கு ஒரு சாட்சி தேட வேண்டும். பெயர் தெரிந்த அதிகாரி, கையெழுத்தின் பாணி, கூடவே கிடைத்த வேறு ஆவணங்கள், எதுவானாலும் சரி. எதுவும் கிடைக்கவில்லையா? 628, 643, 658 என்று மூன்றையும் எழுதி வைத்துவிடுங்கள்.

அறிகுறி: நூற்றுக்கணக்கில் இடிக்கிறது

சகாப்தத்தையே மாற்றி நினைத்துவிட்டீர்கள். இங்கே இடிக்கும் எண்ணைக் கவனமாகப் பாருங்கள், அதுவே விடையைச் சொல்லிவிடும். 263 இடித்தால் அந்தியோக்கியாவின் ஊர்க் கணக்கை செலூசிட் கணக்கு என்று எடுத்திருக்கிறீர்கள். 178 என்றால் அரேபியா மாகாணக் கணக்கும் டயோக்ளீசியன் கணக்கும் மாறிப்போயிருக்கின்றன.

அந்தியோக்கியாவின் கணக்கு கி.மு. 49 இலையுதிர்காலத்திலிருந்து வருகிறது. எவாக்ரியுஸ் என்ற வழக்கறிஞர், திருச்சபை வரலாறு எழுதியவர், தன் ஊரைக் குலைத்த ஒரு நிலநடுக்கத்தை அந்தக் கணக்கில் 637ஆம் ஆண்டு என்று குறிக்கிறார். ஹைப்பர்பெரெடாயோஸ் மாதத்தின் கடைசி நாள், இரவு. அன்று அவருக்கே கல்யாணம். ஊரே கொண்டாட்டத்தில் இருந்தபோது நிலம் அதிர்ந்தது என்று எழுதுகிறார். தன் கல்யாண நாளை ஒருவர் தப்பாக எழுதமாட்டார் என்று நம்பலாம். அந்தியோக்கியாவில் அந்த மாதம் அக்டோபர்; 637இலிருந்து 49 போனால் 588. ஆக, 588 அக்டோபர் 31. இதையே செலூசிட் என்று நினைத்து 312 கழித்தால் 325 வரும், அதாவது எவாக்ரியுஸ் பிறப்பதற்கு இரு நூற்றாண்டுக்கு முன்னால்.

அரேபியா மாகாணக் கணக்குக்கு நமாரா கல்வெட்டைப் பாருங்கள். சிரியாவின் பாலைவன ஓரத்தில் கிடைத்து இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நபாத்திய எழுத்து, அரபு மொழி. ‘அரபியர் அனைவருக்கும் அரசன்’ இம்ருல் கைஸ் இறந்தது 223ஆம் ஆண்டு கிஸ்லூல் மாதம் 7 என்கிறது. 223ஐ செலூசிட்டாக எடுத்தால் கி.மு.வுக்குப் போய்விடும். டயோக்ளீசியன் என்று எடுத்தால் 506. ஆனால் கல் நின்ற இடம் ரோமானிய அரேபியாவின் வட்டாரம். அந்த மாகாணத்தின் கணக்கு, ரோம் அதை எடுத்துக்கொண்ட 106 மார்ச் 22இலிருந்து. மார்ச் 22 முதல் டிசம்பர் வரை 105 கூட்ட வேண்டும், அதற்கு முந்தைய மாதங்களுக்கு 106. கிஸ்லூல் டிசம்பரில் வருவதால் 328 டிசம்பர் 7.

எண்ணைப் பார்க்கும் முன் கல் எங்கே கிடைத்தது என்று பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்த வகைப் பிழை அநேகமாக வராது.

ஸ்பெயினில் மட்டும் வருவது 38 ஆண்டு இடிப்பு. அங்கே ‘ஏரா’ என்ற சொல்லோடு எண் வரும், தொடக்கம் கி.மு. 38 ஜனவரி 1. ஜனவரியிலேயே பிறப்பதால் இடைமாதத் தொல்லை இல்லை, எப்போதும் 38 கழித்தால் போதும். தொலேதோ நகரில் கூடிய மூன்றாம் திருச்சபைச் சங்கம் ஏரா 627 என்றால் கி.பி. 589.

அறிகுறி: தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக இடிப்பு வளர்கிறது

நிலையான எண் ஒன்றைக் கூட்டி ஹிஜ்ரியை மாற்றப் பார்த்திருக்கிறீர்கள். ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு, 354 அல்லது 355 நாள். 33 ஹிஜ்ரி ஆண்டு போனால் நமக்கு 32 ஆண்டுதான் போயிருக்கும். 22உடன் 622 கூட்டினால் 644, உண்மை 643. 42உடன் கூட்டினால் 664, உண்மை 662. எண்ணில் 1 கழித்து, 0.97ஆல் பெருக்கி, 622.5 கூட்டுங்கள். அந்த ஹிஜ்ரி ஆண்டு பிறக்கும் இடம் கிட்டத்தட்ட கிடைக்கும். நாள் வரை வேண்டுமானால் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். பிறை பார்த்து மாதம் தொடங்கியதால் அதிலும் ஓரிரு நாள் முன்பின் இருக்கும்.

பாரசீகத்தின் சாசானியக் கணக்கிலும் மெதுவான நகர்வு உண்டு. 365 நாள் ஆண்டு, நெட்டாண்டே கிடையாது. அதனால் புத்தாண்டு நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் முன்னே நகரும். முதலாம் குஸ்ரோ பட்டம் ஏற்ற 531இல் புத்தாண்டு ஜூலையில் வந்தது. கடைசி அரசர் மூன்றாம் யஸ்தகிர்தின் கணக்கு தொடங்கும் 632இல் அது ஜூன் 16க்கு வந்துவிட்டது.

அறிகுறி: ஆண்டு எண்ணே இல்லை, ஆள் பெயர்தான் இருக்கிறது

ரோமில் ஆண்டுக்கு எண் கிடையாது, பெயர்தான். ஜனவரி 1இல் பதவியேற்கும் இரு கான்சல்களின் பெயர்தான் ஆண்டின் பெயர். பட்டியலைப் பார்த்தால் வேலை முடிந்துவிடும். தொல்லை ‘இன்னாருடைய கான்சல் பதவிக்குப் பின்’ என்று வரும்போதுதான். புது கான்சல் யார் என்ற செய்தி எகிப்து போன்ற தொலைதூர மாகாணங்களுக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை போன ஆண்டுக்காரர் பெயரோடு ‘பின்’ சேர்த்து எழுதுவார்கள். அந்தச் சிறு சொல்லைப் படிக்காமல் விட்டால் ஓர் ஆண்டு குறைந்துவிடும்.

கான்சலே நியமிக்கப்படாத ஆண்டுகளும் உண்டு. பெலிசாரியுஸ் 535இன் கான்சல். 536க்கும் 537க்கும் அவர் பெயருக்குப் பின் என்றே எண்ணினார்கள். பேரரசர் அல்லாத கடைசி கான்சல் 541இன் பசிலியுஸ். அதற்கப்புறம் ‘பசிலியுசுக்குப் பின் இத்தனையாவது ஆண்டு’ என்று பல வருஷம் ஓடியது. இதில் 542ஐ 1 என்று எண்ணியவர்கள் உண்டு, 541ஐயே 1 ஆக வைத்து 542ஐ 2 என்றவர்களும் உண்டு. நீங்கள் படிக்கும் நூல் எந்த வகை என்று, தேதி உறுதியாகத் தெரிந்த ஏதாவது ஒரு நிகழ்வை வைத்து முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

ஜஸ்டினியனுக்கே இந்தக் குழப்பம் பொறுக்கவில்லை போலும். 537 ஆகஸ்ட் 31இல் ஒரு சட்டம் போட்டார்: ஆவணங்களில் முதலில் பேரரசரின் ஆட்சி ஆண்டு, அப்புறம் கான்சல், அப்புறம் இண்டிக்‌ஷன், மாதம், நாள். கிழக்கு நாட்டு ஊர்கள் தங்கள் ஊர்க் கணக்கையும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் பேரரசர் ஆண்டு முதலில் வர வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பிந்திய பத்திரம் கையில் கிடைத்தால் மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும், ஏனென்றால் ஒன்றை ஒன்று சரிபார்க்க மூன்று கணக்கு ஒரே தாளில் இருக்கிறது. அவருடைய ஆட்சி ஆண்டை 527 ஏப்ரல் 1இலிருந்து எண்ணுங்கள். அன்றுதான் மாமா ஜஸ்டின் அவரைத் துணைப் பேரரசர் ஆக்கினார். மாமா இறந்த ஆகஸ்ட் 1இலிருந்து எண்ணினால் ஏப்ரல் முதல் ஜூலை வரை உள்ள தேதிகள் எல்லாம் ஓர் ஆண்டு நகர்ந்துவிடும்.

அறிகுறி: ஐயாயிரம், ஆறாயிரம் என்று பெரிய எண்

உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் கணக்கு. இதிலும் ஒன்றுக்கு மேற்பட்டது உண்டு. அலெக்சாந்திரியக் கணக்கில் ஆண்டு 6000 என்பது 507/508. பைசாந்தியக் கணக்கில் 6000 என்பது 491/492. 16 ஆண்டு இடித்தால் இரண்டையும் மாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். தெயோஃபனெஸ் எழுதிய வரலாறு அலெக்சாந்திரிய வகை. ஆனால் அதில் ஏழாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு உலக ஆண்டும் இண்டிக்‌ஷனும் ஓர் ஆண்டு விலகி ஓடுகின்றன. அங்கே பிழை உங்களுடையது அல்ல. இரண்டையும் குறித்து வைத்து, வேறு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: ஆவணத்திலேயே கி.பி. எண் இருக்கிறது

நான்காம் நூற்றாண்டுக் கடிதத்தில் ‘ஆண்டவர் பிறந்து 380ஆம் ஆண்டு’ என்று இருந்தால், அதைப் பின்னால் வந்த ஒருவர் சேர்த்திருக்கிறார். அப்படி எண்ணும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ரோமில் இருந்த துறவி டயோனீசியுஸ் எக்சிகுவுஸ், காலம் 525. ஈஸ்டர் நாள் அட்டவணையை நீட்டித்துத் தயாரித்துக்கொண்டிருந்தார். முந்தைய அட்டவணை டயோக்ளீசியன் 247இல் முடிந்திருந்தது. கொடுமை செய்தவரின் நினைவை இன்னும் சுமக்க விரும்பாமல், அடுத்த வரியை 248 என்று தொடங்காமல் 532 என்று தொடங்கினார். வரலாற்று நூல்களில் இது பரவலாக நிலைபெற 731இல் இங்கிலாந்துத் துறவி பீட் எழுதிய நூல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அறிகுறி: எல்லாம் சரியாகப் போட்டும் ஒன்று மிச்சம்

நடப்பு ஆண்டா, முடிந்த ஆண்டா என்று பாருங்கள். இந்தியக் கல்வெட்டுகளில் இது அடிக்கடி வரும். அதே காலத்து ஐஹொளே கல்வெட்டில், இரண்டாம் புலிகேசியின் புகழ் பாடும் ரவிகீர்த்தி, சக ஆண்டு 556 கழிந்தது என்றும் பாரதப் போர் முடிந்து 3735 ஆண்டு ஆயிற்று என்றும் இரண்டு எண் தருகிறார். கழிந்தது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் 634/635 வரும். விட்டால் ஓர் ஆண்டு குறையும்.

அறிகுறி: தேதி சரி, கிழமை மட்டும் தப்பு

கடைசியாக இதை வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதில் குற்றம் பழைய எழுத்தரிடம் இல்லை, நம் கணினியில் இருக்கிறது. பைத்தான் போன்ற நிரல்மொழிகளின் தேதி வசதி கிரெகோரியன் நாட்காட்டியை 1582க்கு முன்னாலும் நீட்டித்துக் கணக்கிடும். அந்தக் காலத்து மக்கள் எழுதியதோ ஜூலியன் தேதி. ஏழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் மூன்று நாள் வித்தியாசம். விரிதாள்களில் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாக வைத்து நம்பவே வேண்டாம். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் வெறும் எண்ணாக வையுங்கள்.

யார்மூக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹம்மத் கதேர் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கே குளியல் கூடத்தைச் செப்பனிட்டதைச் சொல்லும் கிரேக்கக் கல்வெட்டு ஒன்று. தொடக்கத்தில் சிலுவைக் குறி. அடுத்து வரும் பெயர், நம்பிக்கையாளர்களின் தலைவர், அதாவது கலீபா, முஆவியா. நோயாளிகள் குணமடைவதற்காகச் செய்த வேலை என்கிறது, மேற்பார்வை பார்த்தவர் கதாரா ஊரின் யோவான். தேதியில் ஐந்து விஷயம் இருக்கிறது: டிசம்பர் 5, வாரத்தின் இரண்டாம் நாள், இண்டிக்‌ஷன் 6, ஊர்க் கணக்கில் 726, அரபியர் கணக்கில் 42.

ஒவ்வொன்றாகப் போடுவோம். கதாராவின் கணக்கு கி.மு. 64 இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது, டிசம்பர் என்பதால் 726இலிருந்து 64 கழித்தால் 662. ஹிஜ்ரி 42 பிறந்தது 662 ஏப்ரலில், ஆக டிசம்பர் அதற்குள் வருகிறது. இண்டிக்‌ஷனுக்கு 662உடன் 3 கூட்டி 15ஆல் வகுத்தால் மீதி 5, டிசம்பர் என்பதால் ஒன்று கூட்டி 6. மிச்சம் கிழமை. பைத்தானில் 662, 12, 5 என்று கொடுத்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமை என்று வரும். நான் முதல் தடவை செய்தபோது கல்லில்தான் தவறு என்று நினைத்து, எண்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜூலியன் டிசம்பர் 5 என்பது நீட்டித்த கிரெகோரியனில் டிசம்பர் 8. அந்த 8ஐக் கொடுத்தால் திங்கட்கிழமை. வாரத்தின் இரண்டாம் நாள் அதுதான்.

என் அட்டவணையில் அந்த வரி இப்படி இருக்கிறது: 662, டிசம்பர், 5, ஜூலியன், திங்கள். பக்கத்துக் கட்டத்தில் கல்லில் இருந்த 726, 42, 6 மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறேன்.